சோலார் போட்டால் மட்டும் போதுமா?

கே: 2047-க்குள் எரிசக்தியில் நாடு தன்னிறைவு அடையும் என்கிறார்கள். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் என் பங்கு முடிந்ததா?
– வாசகி, தேனி

ப: பாதிதான் முடியும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு உள்நாட்டிலேயே வெட்டப்படுவது. வெளிநாட்டுக் கப்பலை நாம் எதிர்பார்த்து நிற்பது கச்சா எண்ணெய்க்குத்தான். தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் அப்படியே. உங்கள் மாடியில் விளையும் கரண்ட் அடுப்புக்கும் ஸ்கூட்டருக்கும் போனால்தான் அந்த இறக்குமதிச் செலவு குறையும்.

14.2 கிலோ சிலிண்டரின் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 130 முதல் 150 யூனிட்டில் முடித்துவிடும். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் தரும் என்று வையுங்கள். 11, 12 நாள் வெயில் ஒரு சிலிண்டருக்குச் சமம். ஆனால் 2,000 வாட் அடுப்பை 6 ஆம்ப் பிளக்கில் செருகவே கூடாது. அது கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். முதலில் பிளக் பழுப்பேறும், பிறகு உருகும். மெயின் போர்டில் இருந்து தனி வயர் இழுத்து 16 ஆம்ப் சாக்கெட் வையுங்கள். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் இந்த அடுப்பில் சூடாகாது.

பேனலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு மின்விசிறிகளைப் பாருங்கள். பழைய விசிறி 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். நாலு விசிறி தினம் 15 மணி நேரம் ஓடினால் 2.7 யூனிட் மிச்சம். முக்கால் கிலோவாட் பேனல் தருவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. இதை முதலில் செய்தால் 3 கிலோவாட்டில் அடுப்புக்கும் இடம் கிடைக்கும். வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய்.

கே: உச்சி வெயிலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?
– வாசகர், அரியலூர்

ப: பழுதில்லை. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது மின்வாரிய லைனோடு இணைந்து ஓடுவது, அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயும். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊர் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை கூடும்.

கே: ஒரு வருடத்தில் உற்பத்தி குறைந்துவிட்டதே?
– வாசகி, திருப்பூர்

ப: காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடி ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி இறங்கும். நிழல் இல்லையென்றால் பெரும்பாலும் அழுக்குதான். வெயில் ஏறுவதற்கு முன் மென்துணியால் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்து கண்ணாடி வெள்ளை பூத்துவிடும்.