ஆன்லைன் டேபிளுக்கு லிங்க் அனுப்புவது: கேள்வி பதில்

மதுரைப் பக்கம் ஆன்லைனில் டேபிள்டாப் ரோல்பிளே (ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம்; ஆடும் குழுவுக்கு 'டேபிள்' என்று பெயர்) ஆடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் லிங்க் தொல்லைதான். மான்ஸ்டர், டைஸ் பற்றிய கேள்விகளை அப்புறம் பார்க்கலாம்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: அண்ணே, போன வாரம் அனுப்பிய டிஸ்கார்ட் (குழுவாகப் பேசும் செயலி) லிங்க் இன்றைக்குச் செல்லாது என்று வருகிறதே, ஏன்?

நாமாக மாற்றாவிட்டால் அந்த லிங்க் 7 நாளில் காலாவதியாகிவிடும், தம்பி. அரை மணி நேரத்தில் தொடங்கி 'காலாவதியே ஆகாது' வரை அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். பலர் கடைசியைத்தான் அமுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு பேர் ஆடும் டேபிளுக்கு ஒரு நாள் ஆயுள், 5 பேர் வரம்பு என்று வைத்தால் போதும். 'தற்காலிக உறுப்பினர்' என்பதை மட்டும் தெரியாமல் டிக் செய்துவிடாதீர்கள். நீங்கள் ரோல் (குழுவில் ஒருவருக்குத் தரும் தகுதி) எதுவும் கொடுக்காவிட்டால், வந்தவர் இணைப்பைத் துண்டித்ததும் தானாக வெளியே போய்விடுவார். "என்னை ஏண்ணே தூக்குனீங்க?" என்று சண்டை வரும்.

உசிலம்பட்டியிலிருந்து: மதுரை நண்பன் அவன் லேப்டாப்பில் ஃபவுண்டரி (மேப், பகடை எல்லாம் பிரவுசரில் காட்டும் ஆட்ட மென்பொருள்) ஓட்டுகிறான். அவன் வீட்டில் எல்லோருக்கும் லிங்க் திறக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

லிங்க் 192.168 என்று தொடங்குகிறதா பாருங்கள். ஃபவுண்டரி இரண்டு லிங்க் காட்டும். ஒன்று வீட்டு வைஃபைக்குள் மட்டும் வேலை செய்வது, மற்றது இன்டர்நெட்டுக்கு. அவன் முதலாவதை அனுப்பியிருப்பான்.

இரண்டாவதை அனுப்பியும் திறக்கவில்லை என்றால், ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து ஃபவுண்டரிக்கு வரும் வாசல் எண்) அந்த லேப்டாப்புக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கோளாறு கனெக்‌ஷன் கொடுத்தவர்களிடம். பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைப்பது நம் ஊரில் சாதாரணம். ரவுட்டர் காட்டும் வெளி முகவரியும் (ஐபி), 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் முகவரியும் வேறு வேறாக இருந்தால் அதுதான் விஷயம். அப்போது ரவுட்டரை எத்தனை தடவை நோண்டினாலும் பலனில்லை. பணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம், கிளவுட்ஃபிளேர் டனல் (ரவுட்டரைத் தொடாமல் வெளியிலிருந்து வழி திறக்கும் சேவை) போடலாம், அல்லது ஃபவுண்டரியை வாடகை சர்வரில் வைத்துக்கொள்ளலாம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் போய் வந்ததும் முகவரி மாறி, பழைய லிங்க் செத்துவிடும் தொல்லைக்கும் நிலையான ஐபி நல்லது.

ஃபவுண்டரி லைசென்ஸ் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மட்டும்தான் தேவை. ஆடுகிறவர்களுக்கு பிரவுசர் போதும். ஆனால் லிங்க் அனுப்பும் முன் கேம்மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கணக்குக்கு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அது காலியாகத்தான் இருக்கும். லிங்க் கிடைத்த எவரும் கேம்மாஸ்டராக நுழைந்து உங்கள் ரகசியக் கதவுகளை எல்லாம் பார்த்துவிடலாம்.

மேலூர், ஆசிரியை: மாணவர்களுக்காக ஒரு டேபிள் தொடங்குகிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடலாமா?

வேண்டாம் டீச்சர். குரூப்பில் போட்டது ராத்திரிக்குள் சித்தப்பா, மாமா குரூப் வரை போய்விடும். 2020இல் பொது இடங்களில் பகிரப்பட்ட வாட்ஸ்அப் குரூப் லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே வந்தது செய்தியானது. ஆட்டத்துக்குத் தனிக் குரூப் வைத்து, சேருகிறவர்களை அட்மின் அனுமதிக்கும் அமைப்பைப் போடுங்கள். டிஸ்கார்டில் 13 வயதுக்குக் கீழே சேரக்கூடாது. சின்னப் பிள்ளைகள் என்றால் ஔல்பேர் ரோடியோ என்ற மேப் தளம் எளிது. மேப் பார்க்க அவர்களுக்குக் கணக்கே வேண்டாம், உங்களுக்கு இருந்தால் போதும். பேசுவதற்குப் பள்ளியில் ஏற்கெனவே பயன்படுத்தும் மீட்டிங் செயலியே இருக்கட்டும்.

சிங்கப்பூர், சொந்த ஊர் மதுரை: லிங்க்குடன் நேரமும் வருகிறது, ஆனால் எந்த ஊர் நேரம் என்று புரிவதில்லை.

இங்கே இரவு 8 என்றால் உங்களுக்கு 10.30, துபாயில் 6.30. டிஸ்கார்டில் 'ஈவென்ட்' போட்டால் அவரவர் ஊர் நேரத்தில் தெரியும். உங்கள் கேம் மாஸ்டரைப் போடச் சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் எந்த நேரத்துக்குப் போட்டாலும் இங்கிருந்து ஒருவரும் வரமாட்டார்கள், அது வேறு கதை.

பெயர் வேண்டாம்: யாரோ உள்ளே புகுந்து கத்திவிட்டுப் போனார். வெளியேற்றினேன், மறுபடி வந்தார்.

லிங்க் உயிரோடு இருந்தால் வரத்தான் செய்வார். உங்கள் டிஸ்கார்ட் குழுவின் சர்வர் அமைப்பில் 'இன்வைட்ஸ்' பகுதியில் அதை ரத்து செய்துவிட்டு, அப்புறம் ஆளைத் தடை செய்யுங்கள்.

அண்ணா நகர்: பத்துப் பேருக்கு லிங்க் அனுப்பினால் இரண்டு பேர்தான் வருகிறார்கள். என்ன செய்ய?

வெறும் லிங்க்கை அனுப்பினால் அப்படித்தான். என்ன ஆட்டம், எவ்வளவு நேரம், மைக் வேண்டுமா என்று தெரியாத இடத்துக்கு யார் வருவார்கள்? முதலில் தனித்தனியாகப் பேசி, வருகிறேன் என்றவருக்கு மட்டும் லிங்க் அனுப்புங்கள். கூடவே இப்படி நாலு வரி போடுங்கள்:

"ஞாயிறு இரவு 8 முதல் 11 வரை. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), ஒரே நாளில் முடியும் கதை. விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேரக்டர் ஷீட் நான் தருகிறேன். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவோம். மைக் அவசியம், கேமரா வேண்டாம். வர முடியாவிட்டால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்."