குளம்பு சீர்செய்யும் தொழிலுக்கு மாறலாமா?

கேள்வி: நாமக்கல்லிலிருந்து வந்து, மலேசியாவின் குளுவாங் அருகே செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பால்மாடு வளர்க்கும் என் மைத்துனர், இனி பிறர் மாடுகளுக்குக் குளம்பு சீர்செய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறார். மாட்டோடு பழகியவருக்கு இது எளிதுதானா?
– வாசகி, குளுவாங்

பதில்: மாட்டின் குணம் அறிந்திருப்பது பாதி பலம், சகோதரி, கத்தி பிடிக்கும் கையைத் தனியே பழக்க வேண்டும். பின்னங்காலின் இரு பிளவுக் குளம்புகளில் வெளிக்குளம்பே பெரும்பாலும் மிகையாக வளர்ந்து கூடுதல் எடையைத் தாங்குவதால், அடிப்பகுதியில் புண் உண்டாவதும் பெரும்பாலும் அங்கேதான். நெதர்லாந்தில் உருவான முறைப்படி, உட்குளம்பின் முன்சுவரை ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெளிக்குளம்பை அதன் உயரத்துக்குச் சமன்செய்து, உட்புறம் சிறு குழிவு அமைப்பார்கள். இது பிரீசியன் என்னும் ஐரோப்பியப் பால்மாட்டு இனத்துக்கான அளவு. நம் ஊர்க் கலப்பினங்களுக்கு அப்படியே பொருந்தாது. அடிப்பகுதியின் தடிமன் 5 மில்லிமீட்டருக்கும் குறையும்படி சீவினால் மாடு நொண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது அமிழ்ந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். குளம்பைத் தேய்க்கும் அரைப்பு இயந்திரத்தைப் புதியவர் முதல் நாளே எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அறுப்புக்கூடத்தில் கிடைக்கும் வெட்டிய கால்களில் பழகுவதே வழக்கம். பசுவைத் தெய்வமாக வணங்கும் வீட்டில் இது கசக்கலாம், ஆயினும் உயிருள்ள மாட்டில் தவறுவதைவிட மேல். சீழ் கண்டால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பயிற்சி பற்றி உங்கள் ஊரிலுள்ள மலேசியக் கால்நடை மருத்துவக் கழகத்தில் விசாரிக்கலாம். உங்கள் மைத்துனர் வேலை அனுமதியில் இருப்பவரானால், அது குறிப்பிட்ட முதலாளிக்கு உட்பட்டது என்பதால், குடிநுழைவுத் துறையில் கேட்ட பிறகே பிறரிடம் கூலி வாங்கட்டும்.