அரை ஏக்கரையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள்

கேள்வி: கிராமத்தில் இருக்கும் பழைய வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் காலி இடம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், ஞாயிறு காலை மட்டும்தான் நேரம். 11 வயதில் மகள், 7 வயதில் மகன், 70 வயதில் அப்பா. இரண்டு முறை டிராக்டர் விட்டு முழுசாக உழுது சுத்தம் செய்தோம், இரண்டு முறையும் அடுத்த மழைக்குப் பிறகு இடுப்பளவுக்குப் புல் வந்துவிட்டது, ஒரு மூலையில் கோரை வேறு பரவுகிறது. களைக்கொல்லி அடித்துவிடலாமா? பிள்ளைகளைத் தோட்ட வேலைக்குக் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் ஓடிவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த டிராக்டரை நிறுத்துங்கள். புல் திரும்பி வந்ததற்குக் காரணம் உங்கள் உழைப்பில் குறை இருந்தது என்று நினைக்க வேண்டாம், உழுததுதான் காரணம்.

மேல்மண்ணில் பல வருடங்களாக விழுந்த களை விதைகள் உறங்கிக்கிடக்கின்றன. ஆழத்தில் இருக்கும் வரை பெரும்பாலானவை சும்மா கிடக்கும். மண்ணைப் புரட்டியதும் அவற்றில் ஒரு பங்கு மேலே வருகிறது, வெளிச்சமும் ஈரமும் படுகிறது, முளைக்கிறது. எத்தனை காலம் உறங்கும் என்று கேட்டால் ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் 20 பாட்டில்களில் ஈர மணலோடு களை விதைகளைப் போட்டு மண்ணில் புதைத்து வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், இப்போது 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு பாட்டிலை எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். 2021-இல், அதாவது 142 வருடம் கழித்து எடுத்த பாட்டிலிலும் விதைகள் முளைத்தன. ஆகவே உங்கள் மண்ணில் இருக்கும் விதையை உழுது உழுது தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதை எழுப்பாமல் இருப்பதும், புது விதை விழாமல் பார்ப்பதும்தான் நம் கையில் இருக்கிறது.

கோரை இன்னும் மோசம். அந்த மூலைக்குப் போய் ஒரு செடியைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குக் குச்சியால் மெல்ல மண்ணை விலக்கிப் பாருங்கள். செடிக்கு அடியில் ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்கு, அப்புறம் இன்னொன்று என்று கறுத்த மணிகளைக் கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பாக, நல்ல வாசனையோடு இருக்கும். அந்தச் சரம் முழுசாக இருக்கும் வரை பல கிழங்குகள் முளைக்காமல் அடங்கி இருக்கின்றன. டிராக்டரில் பூட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓடினால் சரம் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். என் இடத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் கோரை இருந்தது. தெரியாமல் டிராக்டரை விட்டேன். அடுத்த மழையில் டிராக்டர் போன வழி முழுக்க, திரும்பிய இடம் உட்பட, கோடு போட்ட மாதிரி கோரை நின்றது. அதைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று வருடம் ஆனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? அரை ஏக்கர் என்றால் கிட்டத்தட்ட 22,000 சதுர அடி. வாரத்தில் ஒரு காலை வேலை செய்யும் ஒரு குடும்பம் இதில் 150 சதுர அடியை நன்றாகப் பராமரிக்கலாம், அதுவே முதல் வருடத்துக்கு அதிகம். மீதியை எதுவும் பயிர் செய்யாமல், உழாமல், அறுத்து மட்டும் விடுங்கள். இடத்தை மூன்று வளையமாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி பத்தடிக்குப் புல் எப்போதும் கணுக்காலுக்குக் கீழே. அங்கே விறகு, செங்கல், பழைய ஓடு எதையும் குவிக்காதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். அதற்கு அடுத்து, சமையலறைக் கதவிலிருந்து பார்த்தால் கண்ணில் படும் தூரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், காய்கறிப் பாத்தி. கண்ணில் படாத பாத்தி காய்ந்துபோகும், இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். மற்றதெல்லாம் வெளி வளையம்.

வெளி வளையத்துக்கு ஒரே விதி, பூக்கும் முன்னால் அறுக்க வேண்டும். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வறண்ட காலத்தில் எப்போதாவது. தரையோடு சுரண்டாமல் நான்கு விரல் உயரம் விட்டு அறுங்கள். உயரமாக வளரும் களைகள் திரும்பத் திரும்பத் தலை வெட்டுப்பட்டுச் சோர்ந்துபோகும், படர்ந்து வளரும் புல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வருடத்தில் அது நடக்கக்கூடிய புல்தரையாக மாறிவிடும். பார்க்க அழகாக இருக்கிறதோ இல்லையோ, விதை விழுவது நின்றுவிடும், மண்ணும் அரித்துப்போகாது.

புல்வெட்டி மெஷின் வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது ஓடும்போது கல் தெறிக்கும், தெறிக்கும் வேகத்தில் கண் போய்விடும். ஓட்டுகிறவர் கண்ணாடியும் பூட்ஸும் முழு நீளப் பேன்ட்டும் போட வேண்டும், மற்ற எல்லோரும் 50 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள். இதில் ‘கொஞ்ச நேரம்தானே’ என்ற பேச்சே வேண்டாம். அப்புறம், பார்த்தீனியம் இருக்கிறதா என்று பாருங்கள். கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலை, நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அது சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டுவரும். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுப் பெரியவர்கள் வேரோடு பிடுங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடத்துக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கம்பி மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள், அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும்தான்.

இப்போது பாத்தி. நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நான்கடி அகலத்துக்கு மேல் போக வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. பையனுக்கென்றால் இரண்டரை அடி போதும். உழாமலேயே பாத்தி போடலாம். இருக்கும் புல்லைத் தரையோடு அறுத்து அங்கேயே விடுங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாக நனையுங்கள். அதன் மேல் அட்டைப்பெட்டிகளை விரித்துப் பரப்புங்கள், டேப்பையும் பின்னையும் உரித்துவிட்டு, ஓர் அட்டை அடுத்ததன் மேல் ஒரு சாண் ஏறும்படி. இடைவெளி விட்டால் அந்த இடுக்கில்தான் புல் எட்டிப் பார்க்கும். அட்டையையும் நனைத்து, மேலே நாலைந்து அங்குலத்துக்குச் சருகோ வைக்கோலோ போட்டு விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அடியில் இருக்கும் புல் வெளிச்சம் இல்லாமல் செத்து மட்கிவிடும், தூக்கிப் பார்த்தால் மண்புழு ஓடும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் அட்டையில் ஓட்டை போட்டு, மட்கிய உரம் ஒரு கைப்பிடி வைத்துப் பூசணி நாற்றை நட்டுவிடலாம். பூசணிக் கொடி படர்ந்தால் அதன் இலையே இன்னொரு மூடாக்கு. மூடாக்கை எந்தச் செடியின் தண்டோடும் ஒட்டிப் போடாதீர்கள், ஒரு கை இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

கோரைக்கும் அருகம்புல்லுக்கும் இந்த அட்டை வைத்தியம் போதாது. கோரையின் முளை பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு வரும். அந்த மூலையில் பாத்தி போடாமல், புதிதாக முளைத்த செடிகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது, ஐந்தாறு இலை வந்த பிறகுதான் புதுக் கிழங்கு போடத் தொடங்கும், அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் பின்னாளில் அங்கே அடர்ந்த மரம் ஒன்று வைப்பதே நிரந்தரத் தீர்வு. பிடுங்கிய கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள், பாறை மேலோ சிமென்ட் தரையிலோ வெயிலில் போட்டு முற்றிலும் காயவிடுங்கள்.

களைக்கொல்லி கேட்டீர்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். பரவலாகப் பயன்படும் களைக்கொல்லியான கிளைபோசேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் ‘பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. அந்த விவாதத்தை ஒதுக்கிவைத்தாலும், மருந்து பச்சையாக நிற்பதை மட்டும்தான் கொல்லும். உறங்கும் விதைக்கும் கிழங்குக்கும் ஒன்றும் ஆகாது. மூன்று வாரத்தில் வெறும் மண் கிடைக்கும், மழை பெய்தால் பழைய கதைதான். உப்புக் கரைசல் ஊற்றச் சொல்லி வரும் வீடியோக்களையும் நம்பாதீர்கள், அது மண்ணையே கெடுக்கும்.

பிள்ளைகள் ஓடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முடிவு தெரியாத வேலை யாருக்கும் அலுக்கும். ‘வா, களை எடு’ என்றால் அந்த அரை ஏக்கரையும் பார்த்து ஒரு 7 வயதுப் பையன் மலைத்துப்போவான். அவனுக்கு இரண்டரை அடிக்கு இரண்டரை அடி தனி இடம் கொடுங்கள், நான்கு முளையடித்துக் கயிறு கட்டி, அது அவனுடையது. சின்னக் கைக்குப் பெரிய விதை வேண்டும், பீன்ஸ், பூசணி, சூரியகாந்தி. பீன்ஸ் ஒரு வாரத்தில் முதுகை வளைத்து மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும், அந்தக் காலை அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டுங்கள். சின்னச் சிவப்பு முள்ளங்கி வகையை 4 வாரத்தில் பிடுங்கலாம். அவன் கோணலாக நட்டால் கோணலாகவே இருக்கட்டும். அவன் தூங்கப் போன பிறகு நீங்கள் நேராக நட்டுவைப்பது, அவன் தண்ணீர் ஊற்ற மறந்ததற்காக நீங்கள் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். அவனுடைய செடி வாடியதை அவனே பார்த்தால் மறுநாள் தானாக வாளியைத் தேடுவான்.

மகளுக்கு வயதுக்கு ஏற்ற நிஜமான பொறுப்பு ஒன்று கொடுங்கள். மழை அளப்பது நல்ல வேலை. நேர்ப் பக்கங்கள் கொண்ட ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை நின்றதும் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். இந்தக் கணக்கை அவளே போட்டுப் பார்க்கட்டும், அடுத்த வாரம் கூரைத் தண்ணீரைப் பிடிக்க டிரம் எங்கே வைப்பது என்று அவளே கேட்பாள்.

அப்பாவைக் குனிந்து செய்யும் வேலையில் விடாதீர்கள். இடுப்பு உயர மேசை ஒன்று நிழலில் போட்டு நாற்றுத் தட்டுகளை அவர் பொறுப்பில் விடுங்கள். இந்த வயதில் தாகம் சரியாகத் தெரியாது, அதனால் கேட்காமலேயே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள், அதைப் பேரனிடம் ஒப்படைத்தாலும் நல்லது. வெயில் ஏறும் முன் எல்லோரும் வேலையை நிறுத்திவிடுங்கள். மரக்கட்டையோ கல்லோ புரட்ட வேண்டியிருந்தால் எதிர் விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள், அடியில் எது இருந்தாலும் அந்தப் பக்கமாகப் போய்விடும்.

மரம் வைப்பது பற்றி இப்போது அவசரப்பட வேண்டாம். வரும் ஞாயிறு, நிழல் மரம் வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுசாக இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்கியது என்று மகளை அளக்கச் சொல்லுங்கள். ஒன்று இரண்டு அங்குலம் இறங்கினால் நல்ல வடிகால். அரை அங்குலத்துக்கும் குறைவென்றால் தண்ணீர் தேங்கும் மண், அதற்கேற்ற மரமாகத் தேட வேண்டும். அந்த அளவையும், அந்த இடம் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எத்தனை அடி என்பதையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.