பதில்: எஸ்டிஏ லைன் 2.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை

எஸ்டிஏ, அதாவது ஐ2சி-யின் டேட்டா வயர், 2.3 வோல்ட்டிலேயே நிற்கிறது, ஏன் என்று கேட்டிருக்கீங்க. சிப் எரியவில்லை, சோல்டரிங்கையும் மறுபடி நோண்ட வேண்டாம். ஐ2சி (சிப்புகள் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் முறை) லைனில் வோல்டேஜ் அளவை மாற்றும் டிஎக்ஸ்பி0108 சிப்பைப் போட்டு, 5 வோல்ட் பக்கம் 4.7 கிலோ ஓம் புல்-அப் (லைனை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வைத்ததாகச் சொல்லியிருக்கீங்க. சிக்கல் அங்கேதான். அந்த சிப் லைனை லோவில் (0 வோல்ட் பக்கம்) பிடித்திருப்பது உள்ளே இருக்கும் சுமார் 4 கிலோ ஓம் வழியாக. உங்கள் புல்-அப்போடு சேர்ந்து அது வோல்டேஜைப் பங்கிடும் வோல்டேஜ் டிவைடர் ஆகிவிடுகிறது: 5 × 4 / 8.7. ஸ்கோப்பில் தெரிந்த அதே 2.3 வோல்ட்! புல்-அப் 50 கிலோ ஓமுக்கு மேல் இருக்கணும்னு டேட்டாஷீட் சொல்லுது. அவ்வளவு தூரம் யார் படிக்கிறாங்க? ஆனால் புல்-அப்பை மட்டும் மாற்றினாலும் ஐ2சி ஒழுங்காக ஓடாது. டிஎக்ஸ்எஸ்0108இ போடுங்க, ஐ2சி மாதிரி ஓப்பன்-டிரெயினுக்கு (சிப் லைனைக் கீழே மட்டும் இழுக்கும், மேலே இழுப்பது புல்-அப் வேலை) ஏற்றது அதுதான். டிஎஸ்எஸ்ஓபி பேக்கேஜ் (சிப்பின் உறை வகை) என்றால் இரண்டு சிப்புக்கும் பின் வரிசை ஒன்றே, போர்டு தப்பித்தது. ஓஇ பின் (அவுட்புட்டை ஆன்/ஆஃப் செய்வது) மட்டும் எதிலும் இணைக்காமல் மிதக்காதபடி பார்த்துக்கோங்க.