கடலோரம் கேளுங்கள்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறு சென்னை அருகே கோவளத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) பழக ஆசைப்படுகிறோம். டிசம்பர் விடுமுறையில் போகலாமா சார்?
- இரண்டாம் ஆண்டு மாணவி, காஞ்சிபுரம்

பதில்: டிசம்பர் வேண்டாம் அம்மா. வடகிழக்குப் பருவமழையில் வங்கக்கடல் முரட்டுத்தனமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் போங்கள். அப்போது விடியற்காலையில் பெரும்பாலும் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும்; அலை கலையாமல், வரிசையாக மடிந்து வரும். மதியம் கடற்காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் குழப்பம்தான். அதனால் சனிக்கிழமை இரவு அரட்டையைச் சீக்கிரம் முடியுங்கள் (நடக்காது, தெரியும்!). புதியவர்களுக்கு நீளமான, மெத்தென்ற பலகைதான் சரி. நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் பலகையை விடாதீர்கள். எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நகருங்கள். அப்புறம், படகு ஏற்றும் இடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். மீனவர்களிடம் கேட்டால் அவர்களே இடம் சொல்வார்கள்.