லிப்ரேஆபிஸில் பிழையா? காசு கொடுத்துத் திருத்தலாம்

கேள்வி: அண்ணா, இலவசமாகக் கிடைக்கும் அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸுக்குக் காசு கொடுத்து ஆதரவு எதற்கு?

பதில்: வீட்டுக் கணினிக்கு வேண்டாம். இருநூறு கணினி உள்ள அலுவலகத்தில், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் திறக்க மறுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்த ஆளுக்குத்தான் காசு.

கேள்வி: அந்த ஆதரவை, லிப்ரேஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனிடமே வாங்கலாமா சார்?

பதில்: அவர்கள் ஆதரவு விற்பதில்லை. சான்று பெற்ற நிரலாளர்களின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. கொலாபரா போன்ற நிறுவனங்களையும் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் படிவத்தில் அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் உடைகிறது. பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் பதிந்து இரண்டு வருடமாகிறது, அசைவே இல்லை. காசு கொடுத்தால் நடக்குமா?

பதில்: நடக்கும். அதற்கு முன் உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. நாற்பது பக்கக் கோப்பை அப்படியே அனுப்பாமல், பிழை தெரிகிற அளவுக்கு வெட்டிச் சுருக்குங்கள். எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்றும் பாருங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் விலை கேட்கும்போதே தொகை குறையும்.

அப்புறம் முக்கியமானது: திருத்தம் எல்லோருக்கும் போகும் மூலத் திட்டத்திலேயே சேர வேண்டும். ஒருமுறை அவசரத்தில் எங்களுக்கென்று தனியாகத் திருத்திய பதிப்பை வாங்கிவிட்டேன். லிப்ரேஆபிஸில் வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடு. அடுத்தது வந்ததும் பழைய திருத்தம் பொருந்தவில்லை. அதே வேலைக்கு மறுபடி பில். இப்போதெல்லாம் நிரல் மாற்றங்களைப் பரிசீலிக்கும் கெரிட் தளத்தில் ஒப்புதல் கிடைத்து, பிழை திரும்பாமல் பார்க்கும் தானியங்கிச் சோதனையும் கூடவே சேர்ந்தால்தான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.

கேள்வி: நாங்கள் காசு போட்டதைப் போட்டி நிறுவனமும் அனுபவிக்குமே?

பதில்: அனுபவிக்கட்டுமே! நாளை அது உடைந்தால் அவர்களும் கத்துவார்கள். லிப்ரேஆபிஸின் உரிமம் எம்பிஎல் 2.0 (மொசில்லா பொது உரிமம்). அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் திருத்தத்தை வெளியிடக் கட்டாயமில்லை. திருத்திய பதிப்பை வெளியாருக்குக் கொடுத்தால், மாற்றிய கோப்புகளின் மூலநிரலையும் தர வேண்டும்.

கேள்வி: தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. இதற்கும் ஆள் பிடிக்கவா?

பதில்: பொறுங்கள். 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோப்பது ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு. ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் அதுதான். அதே எழுத்துருவை அங்கே போட்டுப் பாருங்கள். அங்கேயும் தள்ளி நின்றால் முதலில் எழுத்துருவைச் சந்தேகப்படுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் சரியாகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.