காவல் கப்பல் எத்தனை வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.பி.ஏ. படித்தபோது ஓ.ஆர். (Operations Research, முடிவெடுக்கக் கணக்கைப் பயன்படுத்தும் துறை) பாடத்தில் லாரி, கிடங்கு என்று கணக்குப் போட்டதோடு சரி. படைக்கு எத்தனை கப்பல், எத்தனை விமானம் என்பதையும் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். களம் காணாதவர் போடும் கணக்கை நம்பி உயிரை ஒப்படைக்கலாமா?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பிரிட்டிஷ் கடற்படைக்குக் கணக்குப் போட்ட இயற்பியலாளர் பிளாக்கெட் களம் காணாதவர் அல்ல. 1916-ல் ஜட்லாண்ட் கடற்போரில் இருந்தவர்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, சரக்குக் கப்பல்கள் காவல் கப்பல்கள் சூழக் கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடந்தன. அப்போது பிளாக்கெட் முன் வந்த சிக்கல் இது: இருக்கிற இரும்பையும் கப்பல் பட்டறையையும் வைத்துக்கொண்டு சரக்குக் கப்பல் கட்டுவதா, காவல் கப்பல் கட்டுவதா? அதற்கு, ஒரு காவல் கப்பல் ஆண்டுக்கு எத்தனை சரக்குக் கப்பலைக் காப்பாற்றுகிறது என்று தெரியவேண்டும். அதைத் தோண்டும்போதுதான் வேறொன்று கிடைத்தது. 1941, 42-ல் சராசரி 32 கப்பல் கொண்ட கூட்டங்களில் 2.5 சதவீதம் மூழ்கியிருந்தன. சராசரி 54 கொண்டவற்றில் 1.1 சதவீதம்தான். கடற்படையோ சிறிய கூட்டமே பத்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தது.

காரணம் நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்ததுதான். நிலம் நாலு மடங்கானால் வேலி இரண்டு மடங்குதான் ஆகும். சரக்குக் கப்பல்கள் நிற்பது நிலம் என்றால், காவல் கப்பல்கள் சுற்றுவது வேலியை. உள்ளே புகுந்துவிட்ட நீர்மூழ்கிக்கும் கூட்டம் பெரிதென்பதால் டார்பிடோ (நீருக்குள் ஏவும் குண்டு) கூடிவிடாது. ஆக, கூடுதலாக ஒரு காவல் கப்பல்கூடக் கட்டாமல் இழப்பைக் குறைக்கலாம்.

எதை எண்ணுகிறோம் என்பதில்தான் சறுக்கும். சரக்குக் கப்பல்களில் வைத்த விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் தாக்க வந்த விமானங்களில் சுமார் 4 சதவீதத்தையே வீழ்த்தின. கழற்றிவிடலாம் என்று பேச்சு. ஆனால் தாக்கப்பட்ட கப்பல்களை எண்ணியபோது, துப்பாக்கி இல்லாதவற்றில் 25 சதவீதமும் இருந்தவற்றில் 10 சதவீதமும் மூழ்கியிருந்தன. அதை வைத்தது கப்பலைக் காக்கத்தானே!

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பரிந்துரையைக் கொடுக்குமுன் பிளாக்கெட் தன்னையே கேட்டுக்கொண்டாராம்: என் பிள்ளைகளை அட்லாண்டிக் கடலில் அனுப்புவதென்றால் எந்தக் கூட்டத்தில் ஏற்றுவேன்? பெரியதில்தான் என்று மனம் சொன்ன பிறகே கொடுத்தார். 1943-ல் கடற்படை ஏற்றது. அடுத்த ஆண்டு 160-க்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒரே கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடந்தன, ஒன்றும் மூழ்கவில்லை. அதற்குள் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஓய்ந்துவிட்டிருந்தன என்பதால், இந்தப் புகழை முழுவதும் கணக்குக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.